தலைமாட்டில் நின்றவள்

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டின் மேல் முப்பது படுக்கைகளோடு ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருந்தது. 1984லிருந்து மூன்று வருடத்துக்கும் மேல் நான் அங்கே நர்ஸாக இருந்தேன். என் பெயர் ஜெயசுதா. நான் சொல்லப்போவது அங்கே என்னோடு வேலை பார்த்த அம்சவள்ளி அக்காவைப் பற்றி. இதில் ஒரு பெண் சாகிறாள். அந்தச் சாவில் என் கை இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் ஒளித்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

அக்காவுக்குத் திருக்கோவிலூர் பக்கம் ஒரு சிற்றூர். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலிக்கு மல்லாட்டை, நிலக்கடலைதான், பிடுங்கப் போகிறவர்கள். மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, நர்சிங் முடித்து, இருபத்திரண்டு வயதில் இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருந்த பூமாலை என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். சந்தியா என்று ஒரு மகள். ஒல்லியான, உயரமான உருவம். நோயாளியிடம் பேசும்போது அவர்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவாள். ஆறுதலுக்குப் பிடிக்கிறாள் என்று அவர்கள் நினைப்பார்கள். அவள் நாடியை எண்ணிக்கொண்டிருப்பாள்.

ஆஸ்பத்திரியின் சொந்தக்காரர் டாக்டர் சிவசங்கர். கத்தி பிடிப்பதில் கெட்டிக்காரர், அதில் சந்தேகம் இல்லை. குடல் இறக்கம், குடல்வால், சிசேரியன் எல்லாம் அவரே செய்வார். ஆனால் மயக்க மருந்துக்கென்று தனியாக டாக்டர் கிடையாது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்களில் பல இடங்களில் இதுதான் நிலைமை. ஒரு நர்ஸ் தலைமாட்டில் நின்று ஈதர் ஊற்றுவாள். கம்பிக் கூண்டு மாதிரி ஒரு முகமூடி, அதன் மேல் நாலு மடிப்புத் துணி, அதில் சொட்டுச் சொட்டாக ஈதர். தூங்கிவிட்டால் நிறுத்து, முனகினால் இன்னும் நாலு சொட்டு விடு. டாக்டர் சொல்லிக் கொடுத்த பாடம் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அம்சவள்ளி அக்கா நாலு வருடம் ஈதர் ஊற்றினாள். எல்லாரும் விழித்தெழுந்தார்கள். தனக்கு வேலை தெரியும் என்றே அவள் நினைத்திருந்தாள்.

1981இல் கொளஞ்சியப்பன் என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயது, சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வைத்து உழுகிறவர். காலையில் இரண்டு சொம்பு கூழ் குடித்துவிட்டு ஏர் பூட்டப் போனவருக்குக் குடல் இறக்கம் சிக்கிக்கொண்டது. மத்தியானம் வந்து சேர்ந்தார். உடனே மேஜையில் ஏற்றினார்கள். அக்கா துணியில் ஈதர் விட ஆரம்பித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பாதி மயக்கத்தில் அவர் வாந்தி எடுத்தார். துடைத்துவிட்டு ஆபரேஷனை முடித்தார்கள். வயிற்றில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மூன்றாம் நாள் மூச்சு வாங்கி வாங்கிச் செத்துப்போனார்.

அவருடைய மனைவி அழவில்லையாம். அக்காவிடம் வந்து, "வயித்துலதான கத்தி வச்சீங்க, நெஞ்சு ஏம்மா அடைச்சிது?" என்று கேட்டாளாம். அக்கா நேராக டாக்டரிடம் போய்க் கேட்டாள். "சில பேருக்கு அப்படி ஆயிடும்மா. அதையே நெனச்சிக்கினு இருக்காத," என்றார் அவர்.

அக்கா அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். பல மிஷன் ஆஸ்பத்திரிகளுக்குக் கடிதம் போட்டாள். ஆந்திர எல்லையை ஒட்டிய ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. நர்சிங் முடித்தவர்களுக்கு மயக்க மருந்துக்கென்றே ஒரு வருடச் சிறப்புப் பயிற்சி. எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, இரண்டிலும் தேறினால்தான் சான்றிதழ். ஐந்து வயது சந்தியாவைக் கணவனிடம் விட்டுவிட்டு, முப்பது வயதை நெருங்கும் நேரத்தில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு வருடம் முழுக்க பூமாலை அண்ணன்தான் குழந்தைக்குத் தலை பின்னிவிட்டார்.

அங்கே போன இரண்டாம் வாரம் ஒரு பாடம் நடந்ததாம். மயக்கம் பாதி ஏறும்போது தொண்டையின் காவல் போய்விடும், வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கும், இறங்கினால் அந்தப் புளிப்புத் தண்ணீரே நுரையீரலை வேகவைத்துவிடும் என்று வாத்தியாரம்மா பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். "பாடத்துக்கு நடுவுல எழுந்து வெளிய போயிட்டேன் ஜெயா. கொளஞ்சியப்பன் பொண்டாட்டி கேட்டதுக்குப் பதில் அந்தப் பலகைல இருந்திச்சி," என்று என்னிடம் ஒரு தடவை சொன்னாள்.

1983இல் சான்றிதழோடு திரும்பி வந்தாள். டாக்டர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பு அறையில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். மயக்க மருந்துக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ் இருக்கிறாள் என்று சுற்றுப்பட்டில் பேச்சுப் பரவியது. சங்கராபுரத்திலிருந்தும் சின்னசேலத்திலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

நான் சேர்ந்தபோது இருந்த அக்கா இந்த அக்காதான். தினமும் ஆபரேஷன் அறையில் அவள் கை முதலில் போவது காலால் மிதித்துச் சளியை உறிஞ்சும் கருவிக்கு. மிதித்துப் பார்த்து, அதன் ரப்பர்க் குழாயைத் தலையணைக்கு அடியில் செருகி வைப்பாள். மேஜையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தும் கைப்பிடி இறுகாமல் சுற்றுகிறதா என்று பார்ப்பாள். பிறகு நோயாளியிடம் போய், "கடைசியா எப்ப சாப்ட்டீங்க? இன்னா சாப்ட்டீங்க?" என்பாள். நோயாளி சொன்னது போதாது, கூட வந்தவரிடமும் தனியாகக் கேட்பாள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஆபரேஷன் நடக்காது. கை கழுவிக்கொண்டு நின்ற டாக்டரைப் பல நாள் அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"இன்னும் ஆறு மணி நேரம் போவணுங்க சார்," என்பாள்.

"நான் டாக்டரா, நீ டாக்டரா?"

"நீங்கதாங்க. இன்னும் ஆறு மணி நேரம் போவணும்."

அவள் படித்துவிட்டு வந்த பிறகு நாலு வருடத்தில் எங்கள் மேஜையில் மயக்க மருந்தால் ஒரு உயிரும் போகவில்லை.

எனக்கு அந்த வேலை மேல் ஆசை வந்தது. பக்கத்தில் நின்று நின்று பாதி தெரிந்துவிட்டது போல இருந்தது. ஒருநாள், "எனக்கும் கத்துக் குடுங்கக்கா," என்று கேட்டேன்.

"மாட்டேன்."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவள் கோபமாகச் சொல்லவில்லை. "நானும் பாத்துதான் கத்துக்கினேன். அதுல ஒரு ஆளு செத்துட்டாரு. நீ போயி முழுசாப் படி. நான் லெட்டர் எழுதித் தரேன்," என்றாள்.

சொன்னபடியே எழுதினாள். எனக்கு இடமும் கிடைத்தது. டாக்டர்தான் லீவு தரவில்லை. "ஒரு ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர் போதும். அம்சவள்ளி எங்க போயிடப் போறாங்க?" என்றார். தான் லீவு எடுத்தால், காய்ச்சலில் படுத்தால் என்ன செய்வது என்று அக்கா அவரோடு இரண்டு மூன்று தடவை வாதாடினாள். டாக்டர் சிரித்தார். அவரைவிட எனக்கு அவள் மேல்தான் வருத்தம். கூட வேலை செய்கிறவளுக்குத் தொழிலைச் சொல்லித் தராத கர்வக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

1987 செப்டம்பர் வந்தது. இடஒதுக்கீடு கேட்டு நடந்துகொண்டிருந்த போராட்டம் எங்கள் தென்னார்க்காடு மாவட்டம் முழுக்கப் பற்றிக்கொண்டிருந்த வருடம் அது. பதினேழாம் தேதியிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். முன்பு நடந்த மறியல்களைப் போல ஒரு நாள் பஸ் ஓடாது, அப்புறம் சரியாகிவிடும் என்றுதான் டாக்டர் கணக்குப் போட்டார். மாதாமாதம் கல்வராயன் மலையில் ஒரு முகாம் நடக்கும். ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களின் நெஞ்சைப் பரிசோதித்து, மயக்கம் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல அக்கா போவாள். அந்த மாதமும் பதினாறாம் தேதி ஜீப்பில் அனுப்பினார். மறுநாள் காலையிலேயே திரும்பிவிடலாம் என்றார்.

அக்கா அன்று கரியாலூரில் பார்த்துவிட்டு வெள்ளிமலையில் தங்கினாள். மறுநாள் விடியும்போது கீழே ரோடே இல்லை. கோமுகி அணையைத் தாண்டிக் கச்சிராயபாளையம் வரை புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பாலங்களின் ஓரத்தைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். வடக்கே துப்பாக்கிச் சூடு நடந்ததாகவும் ஆட்கள் செத்ததாகவும் செய்தி வந்தது. தந்திக் கம்பி அறுந்து டெலிபோனும் செத்துவிட்டது. மலையிலிருந்து பஸ்ஸும் இறங்கவில்லை, எங்கள் ஜீப்பும் இறங்கவில்லை.

பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணிக்குச் சாலம்மாளைக் கொண்டுவந்தார்கள். இருபத்திரண்டு வயது, தலைப்பிரசவம். ஆறு மைல் தள்ளியிருந்த ஊர். முந்தின நாள் மத்தியானமே வலி கண்டு, குழந்தை குறுக்கே கிடந்து இறங்காமல் நின்றுவிட்டது. மாட்டு வண்டியில் கொஞ்ச தூரம், அப்புறம் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தோள் மேல். வழியில் பதினோரு மரம் என்று அவளுடைய மாமியார் ராணியம்மாள் சொன்னாள். மறியல் செய்துகொண்டிருந்தவர்களே ஓடி வந்து கட்டிலுக்குத் தோள் கொடுத்து ஒவ்வொரு மரமாகத் தாண்டி விட்டார்களாம். சாலம்மாளின் புருஷன் அய்யனாரும் முந்தின நாள்வரை அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். அவன் தோளில் கட்டில் சட்டம் அழுத்திய இடம் தோல் உரிந்திருந்தது.

டாக்டர் பார்த்தார். ஆபரேஷன் செய்யாவிட்டால் தாய், பிள்ளை இரண்டு பேரும் போய்விடுவார்கள். சேலத்துக்கோ கடலூருக்கோ அனுப்ப ரோடு இல்லை. அவர் என்னைப் பார்த்தார்.

"ஜெயசுதா, நீ பாத்திருக்க இல்ல?"

பார்த்திருக்கிறேன் என்றேன். பயமாக இருந்தது. அது மட்டும் இருந்தது என்று சொல்ல மாட்டேன். உள்ளுக்குள் ஒரு துளி சந்தோஷமும் இருந்தது.

அக்கா செய்வதை எல்லாம் செய்வதாகத்தான் நினைத்தேன். ராணியம்மாளிடம் போய், எப்போது சாப்பிட்டாள் என்று கேட்டேன்.

"நேத்து சாயங்காலம் கஞ்சி குடிச்சாம்மா. அப்புறம் தண்ணி கூட குடிக்கல."

பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. ஆறு மணி நேரம்தானே வேண்டும் என்று நிம்மதியாக உள்ளே போனேன்.

வலி கண்ட பெண்ணுக்கு வயிறு காலியாகாது. முந்தின நாள் குடித்த கஞ்சி மறுநாளும் அப்படியே கிடக்கும். பிரசவத்துக்கு வந்தவள் எத்தனை மணி நேரம் பட்டினி என்று சொன்னாலும், வயிறு நிறைய இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு மருந்து கொடுக்க வேண்டும். அந்த ஒரு வருடப் படிப்பில் இது ஒரு மணி நேரப் பாடமாக இருந்திருக்கும். மூன்று வருடம் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. ஏனென்றால் அக்கா எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். வந்த பதிலை அவள் மனதுக்குள் என்ன செய்தாள் என்பதை நான் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

இன்னொன்றும் இருக்கிறது. பிரசவக் கேஸ்களுக்கு மயக்கம் ஏறும்போது அக்கா நோயாளியின் தொண்டைக் குருத்தெலும்பை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். மூச்சுக்குழாய்க்குள் ரப்பர்க் குழாய் போய் உட்கார்ந்த பிறகுதான் விரலை எடுப்பாள். வயிற்றில் இருப்பது மேலே வராமல் உணவுக் குழாயை அடைத்துப் பிடிக்கிறாள் அவள். நாடி பார்க்கிறாள் என்று நான் நினைத்தேன். அதனால் சாலம்மாளுக்கு நானும் கழுத்தில் விரலை வைத்தேன். நாடி பார்த்தேன்.

தூங்கவைக்கும் ஊசி மருந்து ஏறிக் கண் சொருகியது. மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட எனக்குத் தெரியாது, முகமூடியை வைத்து ஈதர் விட்டேன். இரண்டு நிமிடத்தில் அவள் வயிறு ஒரு தடவை குலுங்கியது. வாயிலும் மூக்கிலும் கஞ்சி வந்தது. முந்தின நாள் கஞ்சி, பருக்கை பருக்கையாக. உறிஞ்சு கருவியைத் தேடினேன். சுவர் ஓரத்தில் இருந்தது, குழாய் மாட்டாமல். மேஜையின் தலையைத் தாழ்த்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. டாக்டர், "ஒருக்களிச்சுப் புடி, ஒருக்களிச்சுப் புடி," என்றார். அதற்குள் அவள் உதடு நீலமாகிவிட்டது.

குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண். அழுதது. சாலம்மாள் கண் விழித்தாள், ஆனால் மூச்சு சரியாகவில்லை. இருந்த ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் சாயங்காலத்துக்குள் தீர்ந்தது. வேறு கொண்டுவர வழியில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாக்கா இது, மூச்சு எடுக்க முடியல," என்று இரண்டு தடவை கேட்டாள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் செத்துப்போனாள்.

பத்து மணிக்கு அய்யனாரும் அவன் ஊர் ஆட்களும் அதே கயிற்றுக் கட்டிலில் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். குழந்தையை ராணியம்மாள் முந்தானையில் சுற்றி வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அம்சவள்ளி அக்கா ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். மறியல் ஒரு நாளில் முடியாது என்று தெரிந்ததும் வெள்ளிக்கிழமை காலையிலேயே நடக்க ஆரம்பித்திருக்கிறாள். சடையன் என்ற மலைக்காரர், போன வருடம் எங்களிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர், ஒற்றையடிப் பாதையில் அவளை அணைக்கட்டு வரை இறக்கிவிட்டார். அவர் வீட்டு ஆட்களோடு அடிவாரத்தில் ஒரு கொட்டகையில் தங்கி, மறுநாள் கச்சிராயபாளையம் ரோட்டில் மரத்துக்கு மரம் ஏறி இறங்கி வந்திருக்கிறாள். மறியல்காரர்கள் தடுக்கவில்லை, நர்ஸம்மா என்று தெரிந்து மோர் கொடுத்தார்களாம். ஒரு செருப்பு அறுந்து, வலது காலில் துணி சுற்றியிருந்தது.

என் முகத்தைப் பார்த்தாள். "யாரு?" என்றாள்.

சொன்னேன். அவள் மூன்று கேள்வி கேட்டாள். தொண்டையை அழுத்தினாயா, மேஜையைத் தாழ்த்தினாயா, உறிஞ்சு கருவி எங்கே இருந்தது. மூன்றுக்கும் பதில் சொன்னேன். திட்டவில்லை. ஆபரேஷன் அறைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தாள். வெள்ளிக்கிழமைக்கான வரியில் 'மயக்க மருந்து கொடுத்தவர்' என்ற கட்டத்தில் டாக்டரின் கையெழுத்தில் எழுதியிருந்தது: எஸ். அம்சவள்ளி, சான்றிதழ் பெற்றவர்.

நோட்டை மூடாமல் அப்படியே கையில் எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள். கதவு திறந்திருந்தது, நான் வெளியே நின்றேன்.

"நான் வெள்ளிமலைல இருந்தங்க சார்."

"தெரியும். உக்காருங்க மொதல்ல."

"என் பேரு ஏங்க இதுல இருக்குது?"

"அம்சவள்ளி, யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு யாராவது கேட்டா, பயிற்சி உள்ள நர்ஸ் குடுத்தாங்க, நம்ம கையில இல்லன்னு முடிஞ்சிடும். இந்தப் பொண்ணு பேரு இருந்தா ஜெயிலுக்குத்தான் போவா. உங்க பேரு அவளக் காப்பாத்தும்."

அக்கா நோட்டை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மறியல் முடிந்தது, மரங்களை அறுத்து எடுத்தார்கள். அய்யனார் தாசில்தாரிடம் மனுக் கொடுத்திருந்தான். நவம்பரில் கடலூரிலிருந்து சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போனேன். பூமாலை அண்ணன் சந்தியாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"நீங்க எனக்குக் கத்துக் குடுத்திருந்தா இது நடந்திருக்குமாக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் இரண்டு மாதமாக அது என் வாய்க்குள்ளேயே கிடந்தது.

அவள் காலிலிருந்து என் கையை எடுத்துவிட்டாள். பிறகு, "அத நானும் யோசிச்சிக்கினுதான் இருக்கேன்," என்றாள். "விரல எங்க வைக்கணும்னு காட்டியிருக்கலாம். ஆனா காட்டியிருந்தா அவுரு உன்ன முன்னாடியே நிக்க வச்சிருப்பாரு. ரோடு நல்லா இருக்கறப்பவே நிக்க வச்சிருப்பாரு."

"எம் பேர சொல்லிடாதீங்கக்கா."

"என்னால பொய்யி சொல்ல முடியாது ஜெயா. எம் பேர இதுக்குக் குடுத்தா, அந்தச் சட்டத்துல மாட்டி வச்சிருக்கற காயிதத்துக்கு இன்னா அர்த்தம்? நாளைக்கு இன்னொருத்தி வருவா, இன்னொரு பொண்ண தலமாட்டுல நிறுத்துவாரு, எம் பேர எழுதுவாரு. உன்ன கைவுட்டுட மாட்டேன். ஆனா நடந்தத சொல்லுவேன்."

நான் எழுந்து வந்துவிட்டேன். அன்று அவளை வெறுத்தேன்.

விசாரணை ஆஸ்பத்திரியின் மாடி அறையிலேயே நடந்தது. அதிகாரி வயதான டாக்டர். எங்கள் எல்லாரையும் ஒன்றாகத்தான் உட்காரவைத்தார். சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றி அவர் முன்னால் வைத்திருந்தார்கள். அக்கா தன் முறை வந்தபோது நின்றுகொண்டே பேசினாள். பதினெட்டாம் தேதி தான் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்ததைச் சொன்னாள். சடையனைக் கூட்டி வந்திருந்தாள், அவரும் சொன்னார். மருந்து கொடுத்தது ஜெயசுதா என்றாள். கொடுக்கச் சொன்னது யார் என்பதையும், எனக்குப் படிக்க இடம் கிடைத்து லீவு மறுக்கப்பட்டதையும் கடிதங்களோடு எடுத்து வைத்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் அவளை மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

"இன்னொண்ணு எழுதிக்கங்க சார்," என்றாள். "எம்பத்தொண்ணுல கொளஞ்சியப்பன்னு ஒருத்தரு இங்க செத்தாரு. அவருக்கு ஈதர் குடுத்தது நானு. அப்ப எனக்கு இந்தப் படிப்பு இல்ல. ஜெயசுதா செஞ்சத அன்னிக்கு நான் செஞ்சேன். என்ன யாரும் கேக்கல. அவள மட்டும் கேக்கறது நியாயம் இல்ல."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இத நான் எழுதுனா உங்களுக்குத்தாம்மா கெடுதல்," என்றார்.

"தெரியுங்க. எழுதிக்கங்க."

அவர் எழுதினார். டாக்டர் சிவசங்கர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஜெயிலுக்குப் போகவில்லை. உத்தரவுக்குக் கட்டுப்பட்டுச் செய்தாள் என்று அறிக்கையில் எழுதியிருந்தது. ஆபரேஷன் அறையை ஆறு மாதம் மூடி வைத்தார்கள். திறந்தபோது, சேலத்திலிருந்து மயக்க மருந்து டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வர ஏற்பாடு ஆகியிருந்தது. மற்ற நாளில் கத்தி வைக்கக் கூடாது என்று உத்தரவு. அந்த அளவுக்கு ஒரு நல்லது நடந்தது. அக்காவை விசாரணை முடிந்த மறு வாரமே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கொளஞ்சியப்பன் விஷயத்துக்காக அவள் நர்ஸ் பதிவை ஒன்றரை வருடம் நிறுத்தி வைத்து மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. அந்த ஒன்றரை வருடமும் சைக்கிள் கடையில் உட்கார்ந்து டியூப்புக்கு ஒட்டுப் போட்டாள். பழைய நோயாளிகள் சிலர் அவளை அங்கே பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி போனார்கள். உள்ளூரில் வேறு ஆஸ்பத்திரி எதுவும் அவளை எடுக்கவில்லை. டாக்டரைக் காட்டிக்கொடுத்தவள் என்று பெயராகிவிட்டது.

அறிக்கை வந்த பிறகு, தை மாதத்தில் ஒருநாள், அய்யனார் ஊருக்குப் போகப் போகிறேன், நீயும் வா என்று எனக்குச் சொல்லி அனுப்பினாள். ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது. கரும்பு வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தான் அவன். அக்கா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கஞ்சி எப்படி உள்ளே தங்கியது, விரலை எங்கே வைத்திருக்க வேண்டும், எல்லாம். நான் அவள் பக்கத்தில் நின்றேன். ராணியம்மாள் உள்ளே இருந்தபடியே அழுதாள். கஞ்சி கொடுத்தது அவள்.

"உங்க மேல தப்பு இல்லம்மா. கஞ்சி குடுக்கறது வழக்கந்தான்," என்று அக்கா உள்பக்கம் பார்த்துச் சொன்னாள்.

அய்யனார் கீழே பார்த்துக்கொண்டே கேட்டான்: "நாங்க மரத்த வெட்டலன்னா நீங்க வந்திருப்பீங்க இல்ல?"

"வந்திருப்பேன்."

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஆனா மரம் இல்லன்னாலும் என்னிக்காவது ஒரு நாளு நான் இல்லாம இருந்திருப்பேன்," என்றாள் அக்கா. "ஒருத்திக்கு மட்டும் தெரிஞ்சி ஒரு ஆஸ்பத்திரி நடக்கக் கூடாதுப்பா. அந்தத் தப்பு உன்னோடது இல்ல."

அவன் அதை ஒப்புக்கொண்டானா என்று தெரியாது. குழந்தையைத் தூக்கி வந்து எங்களுக்குக் காட்டவும் இல்லை, எங்களைப் போகச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பஸ்ஸுக்கு வந்தோம்.

பதிவு திரும்பக் கிடைத்ததும் அக்கா தர்மபுரி பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவாள். பதினெட்டு வருடம் அங்கேயே இருந்தாள். சேரும்போதே ஒரு நிபந்தனை வைத்தாளாம், வருடத்துக்கு ஒரு நர்ஸையாவது படிக்க அனுப்ப வேண்டும் என்று. சில வருடம் அனுப்பினார்கள், சில வருடம் அனுப்பவில்லை. சந்தியா கல்யாணத்தின்போது அவளுக்கு முதுகு வளைந்துவிட்டிருந்தது. 2009இல் சர்க்கரை முற்றிக் காலில் புண் வந்து இறந்துபோனாள்.

எனக்கும் அவள் மறுபடி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தாள், 1990இல். நான் போகவில்லை. நர்ஸ் வேலையையே விட்டுவிட்டுச் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர் வேலைக்குப் போனேன். ரிட்டயர் ஆகும்வரை அங்கேதான் இருந்தேன்.

கடைசியாக அவளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தபோது ஒன்று கேட்டேன். அன்றைக்கு நீங்கள் இருந்திருந்தால் சாலம்மாள் பிழைத்திருப்பாளா என்று. ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை கிடைத்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

அவள் கண்ணை மூடி யோசித்தாள். "ஒரு நா முழுக்க வலில கெடந்த பொண்ணு," என்றாள். "கொழந்த குறுக்க. ரத்தம் கம்மி. என் கையிலயும் போயிருக்கலாம். ஆனா மூச்சு அடைச்சிப் போயிருக்க மாட்டா."

கொஞ்ச நேரத்தில் சந்தியா சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள், நான் பஸ் பிடிக்கக் கிளம்பினேன்.